தர்மாஸ்பத்திரி என்னும் சொல்

சேலம், நாமக்கல் சமவெளியின் முதியோர் அரசு மருத்துவமனைகளை இரண்டு பெயர்களால் அழைப்பார்கள். சேலம் நகரில் இருப்பது 'பெரியாஸ்பத்திரி'. மற்ற ஊர்களில் இருப்பவை 'தர்மாஸ்பத்திரி'. முன்னது அளவைக் குறிக்கும் பெயர். அதில் வில்லங்கம் ஒன்றுமில்லை. பின்னதைத்தான் சற்று நின்று நோக்க வேண்டியிருக்கிறது. தர்மம் என்ற சொல் நூல்களில் அறத்தைக் குறிக்கலாம். நம் வீட்டு வாசல்களில் அது பிச்சையைக் குறிக்கிறது. 'அம்மா, தர்மம்' என்று கேட்டு நிற்பவர் நீதியைக் கேட்பதாக எவரும் எண்ணுவதில்லை. தான் கட்டிய வரியில் நடக்கும் மருத்துவமனைக்குத் தர்மத்தின் பெயரைச் சூட்டி, கைகட்டி நின்று மருந்து வாங்கி வந்த ஒரு மக்கள்கூட்டத்தின் வரலாறு இச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு நாடு தன் மக்கள் அனைவருக்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிக்க வேண்டுமா என்ற கேள்வி உலகெங்கும் விவாதிக்கப்படுகிறது. பொருளாதார வல்லுநர் அதைக் கணக்காகப் பார்க்கின்றனர். நாம் வல்லுநர் அல்லர். ஆயினும் இச்சமவெளியின் பங்குகளில் பல ஆண்டுகள் பணியாற்றி, நோயாளிகளின் வீடுகளுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் நடந்தவர் என்ற முறையில், இக்கேள்விக்கு இந்த மண்ணின் வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்க்க விரும்புகிறோம்.

நமது மாநிலத்தின் சிற்றூர் மருத்துவமனைகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியவை. 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டமும் நிலவரியோடு சேர்த்துத் தனியே ஒரு தீர்வை வசூலிக்க வழிசெய்தன. அந்தப் பணத்தில் சாலையும் பள்ளியும் மருந்தகமும் நடந்தன. 'லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி' என்று பழைய ஆவணங்களில் வருவது இதுவே. ஆக, சோளமும் கம்பும் விளைவித்த குடியானவன் கொடுத்த காசு சுற்றிவந்து மருந்தாக அவன் சீசாவில் விழுந்தது. சீசா என்றது வெறும் அலங்காரச் சொல் அன்று. நம் சிறுவயதில்கூட அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் வீட்டிலிருந்து கழுவிய சீசா ஒன்றை எடுத்துப்போக வேண்டும். கம்பவுண்டர் பெரிய கண்ணாடிக் குடுவையிலிருந்து சிவப்பு மிக்சரை அதில் ஊற்றுவார். சீசா கொண்டுவராதவர் வசவு வாங்குவார்.

1924-இல் சென்னை மாகாண அரசு ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் தங்கித் தொழில் செய்ய இசையும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுத்து, ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கச் செய்தது. எல்.எம்.பி. என்னும் பட்டயம் பெற்ற மருத்துவர் பலர் இவ்வாறு கிராமங்களில் குடியேறினர். 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்தகைய முழுமையான சட்டத்தை முதலில் இயற்றியது நமது மாகாணமே. இன்று தமிழ்நாட்டின் மருத்துவத்துறையை மற்ற மாநிலத்தார் புகழும்போது நினைவுகூர வேண்டிய அடித்தளங்களுள் இவையும் அடங்கும்.

திருச்சபையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பெருமையை மட்டும் சொல்வது முறையாகாது. நோயாளரைப் பேணுவது தொடக்கமுதல் திருச்சபையின் பணி என்று மறையுரைகளில் கூறுகிறோம். உண்மைதான். ஆனால் துறவற மகளிர் மகப்பேறு மருத்துவம் செய்வதற்குத் திருச்சபை ஒழுங்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. ஆண் மருத்துவரிடம் செல்ல முடியாத இந்தியப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் மாண்டுகொண்டிருந்தபோது, உதவக்கூடிய சகோதரியர் விதியால் கட்டப்பட்டிருந்தனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் உரோமைக்கு முறையிட்டார். அவர் வழியில் ஆஸ்திரியாவின் அன்னா தெங்கல் 1925-இல் மருத்துவப் பணிச் சகோதரியர் குழுவை நிறுவினார். 1936 பிப்ரவரி 11-ஆம் நாள்தான் உரோமைப் பேராயம் அத்தடையை நீக்கி அறிவுறுத்தல் வெளியிட்டது. சேலம் மறைமாவட்டம் பிறந்தது 1930-இல் என்பதை நினைத்தால், இது எவ்வளவு அண்மைக்காலத்துச் செய்தி என்பது விளங்கும். குண்டூரில் பணியாற்றிய ஆஸ்திரேலிய மருத்துவரும் துறவியுமான மேரி குளோரி 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். அது இன்றும் நாடு முழுவதும் இயங்குகிறது.

அதே 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேய அரசு சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. தமிழில் எழுதினால் 'போர்க்குழு' என்று படிக்கத் தோன்றும். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலந்தான் அது. நம்மவரான டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசுவாமி முதலியார் அதன் உறுப்பினருள் ஒருவர். 1946-இல் வந்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கை எளியது: பணம் கொடுக்க இயலவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் தக்க மருத்துவம் கிட்டாமற் போகலாகாது. நாற்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று உடனடித் திட்டம் வகுத்தது; நெடுங்காலத் திட்டத்தில் அதனினும் மிகுதியாகக் கேட்டது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. கட்டடம் வந்தது, அறிக்கை கேட்ட அளவில் ஆளும் பணமும் வரவில்லை. கிராமங்களில் இருந்த எல்.எம்.பி. படிப்பையும் அக்குழுவின் பரிந்துரைப்படி நிறுத்திவிட்டார்கள். ஒரே தரமான மருத்துவர் நாடெங்கும் வேண்டும் என்பது உயர்ந்த நோக்கம். உறுப்பினர் சிலர் அப்போதே மாற்றுக்கருத்துத் தெரிவித்தனர். அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம். எம்.பி.பி.எஸ். படித்தவர் நகரத்தில் தங்கினார், கிராமம் காத்திருந்தது.

பிரிட்டனிலோ 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்து, 1948 ஜூலை 5-ஆம் நாள் நாட்டு மக்கள் அனைவருக்குமான இலவச மருத்துவச் சேவை தொடங்கிவிட்டது. போரில் நொறுங்கி, உணவுப் பங்கீடும் கடனுமாக இருந்த நாடு அது. 'முதலில் செல்வம் சேரட்டும், பிறகு மருத்துவம் தருவோம்' என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் 1931-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934-35-இல் மலேரியா கொள்ளைநோய் வந்து சுமார் 80,000 பேரை வாரிக்கொண்டு போனது. வாக்குள்ள மக்கள் கேள்வி கேட்டனர். அரசு கிராமங்கள்தோறும் மருத்துவமனை கட்டிற்று. விடுதலைக்குப் பின் அரசு மருத்துவம் இலவசமாகவே நிலைபெற்றது. வறிய நாடொன்று தாய்சேய் மரணத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு உலகம் இன்றும் இலங்கையையே காட்டுகிறது.

ஆனால் அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நம் ஊர்க்காரர் நின்றார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் சேலமும் முதன்மையானவை. பஞ்சத்திலும் கடனிலும் அடிபட்டுக் கங்காணியின் பின்னே நடந்தவர்கள், மண்டபம் முகாமில் தொற்றுநோய்க்காக அடைத்துவைக்கப்பட்டு, பிறகு கப்பலேறினார்கள். தோட்டத்தில் அவர்களுக்கு மருத்துவம் செய்யும் பொறுப்பு துரைமாரிடம் விடப்பட்டது. நாட்டு மக்களுக்கான இலவச மருத்துவம் வளர்ந்தபோதும் தோட்டம் அதற்கு வெளியே இருந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டால் தோட்டத்துக் குழந்தைகள் அதிகமாகவே இறந்துகொண்டிருந்தனர். 'எல்லாருக்கும் இலவசம்' என்று ஒரு நாடு சொல்லும்போது, அந்த 'எல்லாரும்' யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை நாம் கற்றது இவர்களிடம்.

நம் சமவெளிக்குத் திரும்புவோம். விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தை இயற்றிற்று. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை வந்தது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையை அச்சட்டம் தொட்டதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளைப் பக்கம் போய்ப் பாருங்கள். நாலு தறி, ஆறு தறி என்று வீட்டோடு ஒட்டிய கொட்டகைகள். பகலும் இரவும் ஓசை அடங்குவதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு தறியில் நின்றவர், அதை அடைக்கும்வரை வேறு இடம் போக முடியாது. காது மங்கும்; நெஞ்சில் பஞ்சு படியும். பதிவேட்டில் அவர் தொழிலாளி அல்லர். நாமக்கல்லின் லாரி ஓட்டுநரும் கிளீனரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போகும் பையன்களும் அவ்வாறே. நாட்டின் சரக்கைச் சுமந்தவர்கள் எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை.

இவர்களிடத்தில்தான் எய்ட்ஸ் வந்தது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் எச்.ஐ.வி. கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தனர். பின்னர் நாமக்கல் நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மகப்பேற்றுக்கு வந்த தாய்மாரில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் கிருமி இருந்த மாவட்டங்களைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 'ஏ' பிரிவில் வைத்தது. நாமக்கல் அதில் இருந்தது.

அக்காலத்தில் நாமக்கல்லை அடுத்த ஒரு பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். 2003-இல் முப்பத்தைந்து வயது ஓட்டுநர் ஒருவரை அடக்கம் செய்தோம். பெட்டியைத் தூக்க ஆள் வரவில்லை. கோவில்பிள்ளையும் நாமும் இன்னும் இருவரும் தூக்கினோம். அவருக்குச் சாகும் வயதில்லை. மருந்து உலகில் இருந்தது. மேலைநாடுகளில் அம்மருந்துக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன காலம் ஒன்று உண்டு. 2001 பிப்ரவரியில் நமது நாட்டின் சிப்லா நிறுவனம், எல்லையற்ற மருத்துவர் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப்பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்று வைத்திருந்ததால் இது இயன்றது. ஆயினும் 350 டாலர், நாள்கூலி வாங்கும் கிளீனர் வீட்டுக்கு எட்டாத தொகை. சாவதற்கு முன் அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். திருச்சபையினர் நடத்தும் மற்றொரு மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். நாம் பிணை நிற்பதாக எழுதிக் கொடுத்த பிறகே படுக்கை கிடைத்தது. அந்தத் தாளில் கையொப்பமிட்டபோது நமக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

2004 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்திய அரசு அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அது நாமக்கல் அரசு மருத்துவமனைக்கும் வந்தது. இறந்தவரின் மனைவிக்கும் கிருமி இருந்தது. ஒருநாள் காலைப் பூசை முடிந்து தயங்கியபடி வந்து நின்றார். "தர்மாஸ்பத்திரியில மாத்திரை குடுக்கறாங்களாமுங்க சாமி, போயிப் பாக்கட்டுங்களா?" என்றார். போனார். வருமானம் என்ன, வேலை என்ன, கணவர் எப்படி நடந்தார் என்ற கேள்விகள் மருந்துக்கு நிபந்தனையாகவில்லை. நோய் இருக்கிறது, ஆகவே மருந்து உண்டு. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன, அவர் உயிரோடிருக்கிறார், மகனை வளர்த்து ஆளாக்கிவிட்டார்.

எந்தக் காப்பீட்டு நிறுவனம் அன்று இவர்களை ஏற்றிருக்கும்? எந்த வள்ளல் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் கொடுத்திருப்பார்? தர்மம் செய்வோர் நல்ல நோயாளியைத் தேடுவர். 'பாவம்' என்று இரங்கத் தக்கவருக்கே அது சுரக்கும். உரிமைக்கு அந்தத் தேர்வு இல்லை. 1963 ஏப்ரல் 11-இல் திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் உலக அமைதி குறித்து எழுதிய சுற்றுமடலில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவத்தையும் மனித உரிமைகளின் வரிசையில் வைத்தார். இரக்கச் செயல்களின் பட்டியலில் அதை நிறுத்திவிடவில்லை. ஓடும் இரயிலிலிருந்து விழுந்து மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கப்பட்ட ஹக்கீம் ஷேக் என்னும் வங்காளத் தொழிலாளியின் வழக்கில், 1996-இல் நமது உச்ச நீதிமன்றமும் அதையே கூறியது: அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராமற் போவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும்.

தமிழ்நாடு செய்த இன்னொரு காரியம் ஓசையில்லாமல் நடந்தது. 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு 1995-இல் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்தை ஒரே ஒப்பந்தப்புள்ளியில் வாங்குகிறது. வணிகப் பெயருக்குக் காசு கொடுப்பதில்லை. ஒவ்வொரு தொகுதியும் பரிசோதனைக்குப் பிறகே வெளியே போகும். மாவட்டக் கிடங்கிலிருந்து எந்த மருத்துவமனை எவ்வளவு எடுத்தது என்பதற்கு வங்கிக் கணக்குப்போல் பாஸ்புக் உண்டு. 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்' என்ற சீட்டு பெரிதும் குறைந்தது இதனால்தான். கேரளமும் இராஜஸ்தானும் பின்னர் இம்முறையைப் பின்பற்றின. சீசாவைக் கழுவி எடுத்துப்போன தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு காலம் வேறு திசையில் திரும்பிற்று. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018-இல் நடுவணரசின் திட்டம் இதனோடு இணைந்தது. இருதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் வழியற்றிருந்த ஏழைகள் பலர் இதனால் பிழைத்தனர். குறைகூற மனம் வரவில்லை. ஆனால் அட்டை வேண்டும். அட்டைக்குக் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். பட்டியலில் உள்ள நோயாக இருக்க வேண்டும். தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அட்டை உதவாது. 'நீ யார், எவ்வளவு ஏழை, நிரூபி' என்ற கேள்வி மீண்டும் வாசலுக்கு வந்துவிட்டது. தர்மாஸ்பத்திரி என்ற பெயர் மறைந்தாலும் தர்மத்தின் வழக்கம் மறையவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதே மாநிலத்தில் வாசலில் கேள்வி கேட்காத திட்டங்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-இல், பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிருஷ்ணகிரிச் சீமையின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதே ஆண்டு டிசம்பர் 18-இல் தொடங்கிய திட்டம், தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் என்றது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் ஊடுருவிச் செல்கிறது. அடிபட்டுக் கிடப்பவரின் ஊரும் பெயரும் தெரிவதற்குமுன் உயிர் போய்விடும் என்பதை இச்சாலையோரத்தார் அறிவர்.

இலவசம் என்றால் மக்கள் மதிக்கமாட்டார்கள் என்று நம் பங்குப்பேரவையிலேயே படித்தவர் ஒருவர் கூறினார். அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும், பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்வதற்கும் காசு கேட்கிறார்களே என்றும் கேட்டார். உண்மை, அந்தக் கைநீட்டலை நாமும் கண்டிருக்கிறோம். அது இலவசத்தின் குற்றமன்று. இலவசத்தைத் திருடுவதன் குற்றம். இலவசம் என்ற சொல்லே ஒரு பிழை. டீசலிலும் டயரிலும் நூலிலும் தீப்பெட்டியிலும் வரி கட்டிக்கொண்டே இருப்பவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். கொடுத்தது போதவில்லை என்றால் கணக்கைப் பார்ப்போம்: 2021-22-இல் அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025-க்குள் 2.5 விழுக்காடு என்று 2017-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை வாக்களித்திருந்தது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரே கைப்பணமாகக் கொடுத்தது 39.4 விழுக்காடு. 2013-14-இல் அது 64.2 ஆக இருந்தது என்பது ஆறுதல்தான். ஆனால் அந்தக் கைப்பணம் ஏழை வீட்டில் பெரும்பாலும் கடன்பணம். தாய்லாந்து நம்மைவிட மிகப்பெரிய செல்வநாடாக இல்லாத நாளிலேயே, 2002-இல், அனைவருக்கும் மருத்துவம் என்பதைச் சட்டமாக்கிவிட்டது.

கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 ஜூலையில் நம் பள்ளிபாளையம் காட்டியது. கடனை அடைக்க விசைத்தறித் தொழிலாளர் தங்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. உறுப்பு விற்பனையை 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. உயர் நீதிமன்றமும் சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. விசாரணை முடிவைப் பற்றி நாம் முந்திக்கொண்டு பேசலாகாது. ஒன்றை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம். எந்த அட்டவணையும் ஏற்காத மனிதனின் உடலை மருத்துவச் சந்தை மட்டும் தவறாமல் கண்டுகொண்டது. அங்கே அவன் நோயாளியாக நுழையவில்லை, சரக்காக நுழைந்தான்.

சென்ற மாதம் அந்த ஓட்டுநரின் மனைவி நம்மைத் தேடி இப்போதைய பங்குக்கே வந்திருந்தார். முழங்கால் தேய்ந்து நடக்க முடியவில்லை. அறுவை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. மாத்திரை வழக்கம்போலக் கிடைக்கிறது, அதில் சிக்கலில்லை. அறுவைக்குக் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள். மகன் இப்போது லாரி ஓட்டுகிறான். அவன் சம்பளத்தைச் சேர்த்தால் வருமான வரம்பைத் தாண்டிவிடுகிறது. சம்பளத்தில் பாதி வட்டிக்குப் போவது சான்றிதழில் வராது. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டார். பங்கின் முத்திரையிட்ட தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பேருந்து நிறுத்தம்வரை தாங்கித் தாங்கி நடந்துபோனார்.